எங்கும் சேராத குழாய்

அந்த வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் எங்கிருந்தும் வரவில்லை என்பது குளியலறைச் சுவரை உடைத்த அன்றுதான் தெரிந்தது. சுவரில் ஓதம் ஏறியதால் பிளம்பரை வரவழைத்திருந்தார்கள். அவர் குழாய் போன வழியே தரையைக் கொத்திக்கொண்டு வாசல்வரை வந்தார். மதிலுக்கு ஒரு முழம் முன்னால் குழாய் நின்றுவிட்டது. நுனியில் பழந்துணி அடைத்திருந்தது. தெருக்குழாய் மதிலுக்கு அந்தப் பக்கம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்தார். வீட்டுக்குள் போகும் வயர் மீட்டரில் சேரவே இல்லை. சுவருக்குள் ஒரு செங்கல்லைச் சுற்றி முடிச்சுப் போட்டு, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. மின்கட்டணம் எப்போதும் குறைவாக வந்ததைத் தன் சிக்கனம் என்று வீட்டுக்காரன் இத்தனை வருஷம் பெருமையடித்து வந்திருந்தான்.

"அப்போ இவ்வளவு நாளா தண்ணி எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள் அவன் மனைவி. முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள் அவள்.

"அதைத்தான்க்கா நானும் யோசிக்கிறேன்" என்றார் பிளம்பர். "தப்பா போட்டிருந்தா தப்புன்னு சொல்லலாம். இது போடவே இல்லையே."

அந்த வேலையைச் செய்தவர் வீட்டுக்காரனின் அண்ணன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் சுருள் வைத்திருப்பதால் ஊரே அவரை டேப்பு என்றது. வீடு கட்டும்போது குழாய், வயர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினார். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, வாட்டம் சரியில்லாமல் அது கூடத்துக்கு ஓடியது. "உன்னை நம்பினேன் பாரு" என்று ஆட்கள் முன்னால் தம்பி சொல்லிவிட்டான். டேப்பு சிமென்ட் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனவர்தான், அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

முறைப்படி எல்லாம் நடந்தது. புதுக் குழாயைத் தெருக்குழாயோடு சேர்த்தார்கள், புது வயரை மீட்டரோடு சேர்த்தார்கள். வீடு இருண்டது, குழாய்கள் வறண்டன. மதில்வரை தண்ணீர் வந்தது, மதிலைத் தாண்டவில்லை. மீட்டர்வரை மின்சாரம் வந்தது; அதற்குமேல் டெஸ்டர் எரியவில்லை. பிளம்பர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார், எலக்ட்ரீஷியன் பிளம்பரைப் பார்த்தார். பிரித்துப் பிரித்துச் சேர்த்தார்கள். தையல்காரி பள்ளிச் சீருடைத் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு தோழி வீட்டு மெஷினுக்கு அலைந்தாள். சரியாக இருப்பது ஏன் ஓடவில்லை, சரியில்லாதது எப்படி ஓடியது என்று யோசித்து யோசித்து ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடக்கையாகவே தைத்துவிட்டாள். அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, கணவனிடம் சொல்லாமல், டேப்புவின் வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்க வரல. அதையே மறுபடி செஞ்சு குடுங்க."

டேப்பு அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கே தெரியாதும்மா. பாதியில நின்னுபோச்சு, நாளைக்கு முடிச்சுடலாம்னு துணிய வெச்சு அடைச்சேன். அதுக்குள்ள அவன் அப்படிச் சொல்லிட்டான். தண்ணி வருதுன்னு கேள்விப்பட்டப்போ, வேற யாரோ வந்து முடிச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

அவர் வந்தபோது வீட்டுக்காரன் வாசலில் நின்றான். "ஏணி வேணுமா?" என்று கேட்டான். "பிடிச்சுக்க" என்றார் அண்ணன். தெருக்குழாயிலிருந்து வீட்டுக் குழாயைப் பிரித்தார், நுனியில் துணியைத் திணித்தார். வயரைச் செங்கல்லில் முடிந்து டேப் சுற்றினார். கூடத்து விளக்கு எரிந்தது. சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிளம்பர் துணியைத் தொட்டுப் பார்த்தார்; காய்ந்துதான் இருந்தது. எலக்ட்ரீஷியன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பிற்பாடு மாடி எழுப்பினார்கள். டேப்பு ஒரு திருகுகுழாயை மட்டும் சுவரில் பதித்தார்; பின்னால் எதுவும் போடவில்லை. தம்பி பக்கத்தில் நின்று மட்டம் பார்க்க ரசமட்டம் பிடித்தான். தையல்காரி குழாயைத் திறந்து முகம் கழுவினாள்.

"கொஞ்சம் சூடா வருதே, அத்தான்."

"வெயில் காலம்மா" என்றார் டேப்பு.