காலியாகத் திரும்பாத பாத்திரம்

பிரதர் டேரலின் பிரசங்கம் நரகத்தின் வாசலை எட்டியிருந்தது. உள்ளே அடிக்கும் வெக்கையை அவர் போய்விட்டு வந்தவர் போல விவரித்துக்கொண்டிருந்தபோது, டெல்மர் ஸ்டாம்பர் வலது முழங்கையால் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். நாளுக்கு ஆயிரம் தடவை செய்கிற காரியம். தூக்கத்தில்கூடச் செய்வார் என்று அவர் மனைவி வில்லடீன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கோட்டுக்கு அடியில் கெட்டியாக ஒன்று முழங்கையில் முட்ட வேண்டும். முட்டவில்லை. தோல் உறை இருந்தது. உறைக்குள் இருக்க வேண்டியது இல்லை.

எங்கே விட்டோம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் கழிவறையின் கடைசித் தடுப்பும், அங்கே சுவரில் இருக்கும் காகிதச் சுருள் பெட்டியும் அப்படியே கண்முன் வந்து நின்றன. ஆராதனைக்கு முன்னால் போனபோது, கால்சட்டை இறங்கியதும் துப்பாக்கியின் கனத்தில் பெல்ட்டும் உறையும் சரிந்து ஈரத் தரையைத் தொடப் பார்த்தன. ஒரே ஒரு நிமிடம் என்று எடுத்துப் பெட்டியின் தலையில் வைத்தார். அப்புறம் கையைச் சுத்தமாக, சோப்புப் போட்டு, ஒழுங்கான மனிதராகக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

இது வேறு யாருக்கு நடந்திருந்தாலும் பரவாயில்லை. கிழக்கு டெக்சஸின் பைன் காட்டுக்குள் சரளைக்கல் முற்றத்தோடு நிற்கிற சீடர் பிரேக் பாப்டிஸ்ட் சபைக்கு, எங்கோ இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு சபையில் ஒருவன் சுட்டுவிட்டான் என்ற செய்தி வந்த வருடத்திலிருந்து, பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர்தான். அந்தச் சபையில் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி இல்லாமல் வருகிறவர்களை எண்ணுவது சுலபம். தொட்டில் குழந்தைகள், அப்புறம் ஆர்கன் வாசிக்கிற கிழவி. அவளும் தன் கைப்பையை யாரையும் தூக்க விடுவதில்லை. ஆராதனை முடிந்த கையோடு எல்லோரும் வண்டியேறினால் ஒரு சின்ன நாட்டைப் பிடித்துவிட்டு, கோழி வறுவல் ஆறுவதற்குள் திரும்பிவிடலாம். ஆனால் துப்பாக்கியைச் செருகிக்கொள்ள முந்துகிற அத்தனை பேரில் ஜூலை வெயிலில் வாகன நிறுத்தத்தில் நிற்க ஒருவனும் வரமாட்டான். "முழங்கால் வலி பிரதர்" என்பான். அதே முழங்காலோடு மான் வேட்டைக்கு மரத்தில் ஏறி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதற்காக டெல்மர் விதிகள் போட்டார். எரிவாயு லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு விதிகள் மேல் ஒரு பிரியம் உண்டு. போட்டுப் போட்டு, கடைசியில் தும்முவதற்குக்கூட இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

முதல் விதி, கழிவறையில் துப்பாக்கியைக் கையால் தொடக் கூடாது என்பது. அதை மீறியதற்காகத்தான் இரண்டு மாதம் முன்பு ஓரின் குழுவை விட்டுத் துரத்தப்பட்டார். அதே தடுப்பு, அதே பெட்டி. குழந்தைகள் வகுப்பு டீச்சர், பொடியன்களை வரிசையில் கூட்டிவருவதற்கு ஒரு நொடி முன்னால் பார்த்தாள், எடுத்தாள். ஓரின், டெல்மருக்கு நாற்பது வருட மீன்பிடிக் கூட்டாளி. ஆண்களின் காலைச் சாப்பாட்டில், அத்தனை பேர் முன்னால், அவருடைய வாக்கிடாக்கியை மேஜைமேல் வைக்கச் சொல்லிவிட்டு டெல்மர் கேட்டார்: "துப்பாக்கிய கக்கூஸ்ல மறக்குறவன் கையில சபைய எப்பிடிப்பா குடுக்குறது?" சிலர் சிரித்தார்கள். ஓரின் வாக்கிடாக்கியை முட்டைப் பொரியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து கடைசி பெஞ்சில், கூடத்துக்கும் கழிவறைக்கும் போகும் கதவோரம் உட்காருகிறார். இவர் பக்கம் திரும்புவதில்லை.

கதவோரம் உட்காருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓரினுடைய மூத்திரப்பை பிரசங்கத்தை மதிப்பதில்லை. டெல்மர் கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்த அதே கணத்தில் ஓரின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

இந்த உலகத்தில் எத்தனை மூத்திரப்பை இருக்கிறது, ஆண்டவரே, என்று டெல்மர் நினைத்தார். ஓரின் எடுத்துக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினால் தன் கதை முடிந்தது. எடுக்காமல் விட்டாலோ அதைவிட மோசம். கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் வகுப்பு விடும். முதலில் ஓடுவது கழிவறைக்குத்தான். மானமா, பொடியன்களா என்று மனசுக்குள் ஒரு அரை நொடி தராசு ஆடியது. அந்த அரை நொடிக்காகவே அவருக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது. எழுந்து நின்றார்.

தானே போட்ட விதி அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரசங்கத்தின் நடுவே தலைவர் எழுந்தால் ஆபத்து என்று பொருள். குழு முழுக்க எழ வேண்டும். வலது கை கோட்டுக்குள் போக வேண்டும். சபை பயந்துவிடாதபடி முகத்தில் மட்டும் புன்னகை இருக்க வேண்டும். எத்தனையோ சனிக்கிழமை கத்திக் கத்திப் பழக்கியும் ஒரு தடவைகூடச் சரியாக வராத அந்தக் காரியத்தை, இன்றைக்குப் பார்த்து அத்தனை பேரும் அச்சுப் பிசகாமல் செய்தார்கள். பெஞ்சுக்குப் பெஞ்சு ஆண்கள் எழுந்தார்கள். நெஞ்சில் கை, முகத்தில் தேவதூதனின் சிரிப்பு. முழங்கால் வலிக்காரன் எல்லோருக்கும் முன்னால் எழுந்தான். குழுவின் இளைய வீரன் கோல்டன், போருக்குப் போகிறவன் போலப் பையும் பட்டையுமாக ஜோடித்துக்கொண்டு வருகிறவன், பாய்ந்து போய்க் கூடத்துக் கதவைப் பூட்டிவிட்டு அதில் சாய்ந்து நின்றான். அதுவும் விதிதான். ஓரின் அந்தப் பக்கம் போய்விட்டார். டெல்மர் இந்தப் பக்கம்.

பிரசங்க மேடையிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும்? இருபது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் "மனம் திரும்புகிறவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள்" என்று தொண்டை வற்ற அழைத்து, வருடத்துக்கு ஒருவர் இருவர் வந்தால் பெரிது என்றிருந்த பிரதர் டேரலுக்கு, அழைப்பதற்கு முன்பே, நரகத்தைப் பாதி சொல்லும்போதே, சபையின் முரட்டு ஆண்கள் மொத்தமும் நெஞ்சில் கை வைத்து எழுந்து நிற்பது தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆர்கன் கிழவி யாரும் சொல்லாமலே அழைப்புப் பாட்டை எடுத்தாள். பெண்கள் கைக்குட்டை தேடினார்கள்.

"வாங்க பிரதர் டெல்மர். தயங்காதீங்க. மொத ஆளா வாங்க."

கதவு பூட்டியிருந்தது. இரண்டு பக்கமும் அழுகிற முகங்கள். திறந்திருந்த ஒரே வழி முன்னால் போகும் வழி. டெல்மர் நடந்தார். பின்னாலேயே, தலைவர் நகர்ந்தால் சூழ்ந்து நகர வேண்டும் என்ற விதிப்படி, மொத்தக் குழுவும் சிரித்துக்கொண்டே நடந்தது.

மேடைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு கை அவர் தோளில் விழுந்தது. பிரதர் டேரல் அவர் காதோடு கேட்டார். "என்ன பாரம் பிரதர்? எறக்கி வச்சிருங்க."

சொல்லிவிடலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்போது கூடத்துக் கதவை யாரோ அந்தப் பக்கமிருந்து தட்டினார்கள். கோல்டன் திறந்தான். ஓரின் வந்தார். எப்போதும் திறந்தே கிடக்கும் அவர் கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. ஒரு பக்கம் லேசாகத் தொங்கியது. அவர் தன் பெஞ்சில் நிதானமாக உட்கார்ந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக டெல்மரை நேராகப் பார்த்து, தலையை ஒரே ஒரு தடவை அசைத்தார்.

பொடியன்களுக்கு ஆபத்தில்லை. நிம்மதி வந்ததும் கூடவே கோழைத்தனமும் வந்தது.

"உடம்புக்கு... கொஞ்சம் முடியல பிரதர்," என்றார். "ஜெபம் பண்ணிக்குங்க."

சாப்பாடு இல்லாத ஆராதனையை அந்தச் சபை ஒத்துக்கொள்வதில்லை. பக்கத்துக் கூடத்தில் நீள மேஜைகள் போட்டு, வீட்டுக்கு ஒரு பாத்திரமாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அன்றைக்கு மேஜையில் இருந்த பாதி உணவு டெல்மரின் வண்டியில் ஏறியது. சீக்காளி வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பதில் அந்தப் பெண்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பீன்ஸ், உருளைக்கிழங்குக் கூட்டு, வாழைப்பழப் புட்டிங், எல்லாம் அலுமினியத் தாள் மூடி, அடியில் காகித ஒட்டுப்பட்டையில் பெயர் எழுதி வந்து சேர்ந்தன. உருளைக்கிழங்குக் கூட்டு வாங்கும்போது அவர் நோய் ஈரலில் இருந்தது. புட்டிங் வருவதற்குள் நுரையீரலுக்குப் போய்விட்டது. "முகத்துலயே தெரியுது" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. கோல்டன் அழுதுகொண்டே கட்டிப்பிடிக்க வந்தான். காலி உறை அவன் கையில் பட்டுவிடுமோ என்று டெல்மர் பின்னால் நகர்ந்தார். "தொத்திக்கும்னு பயப்படுறாரு பாவம்," என்றான் அவன்.

கடைசியாக ஓரின் வந்தார். அவர் கையிலும் ஒரு கண்ணாடிப் பாத்திரம், தாள் மூடியது. வண்டி ஜன்னல் வழியாக வில்லடீன் மடியில் வைத்தார்.

"வீட்டுல போயி தெற," என்றார். "ஆறிப்போற சாமான் இல்ல."

வண்டி முக்கியச் சாலைக்கு வருவதற்குள் வில்லடீன் உடைந்துவிட்டாள். "எத்தன நாளா மறைக்கிற? டாக்டர் என்ன சொன்னாரு? ஏய்யா, கட்டுன பொண்டாட்டிகிட்ட சொல்லாம பாஸ்டர்கிட்ட சொல்லுவியா?" மடியிலிருந்த பாத்திரத்தை அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். காமெடி அந்த இடத்தில் நின்றது. ஓரமாக வண்டியை நிறுத்தி, "அந்தத் தாள எடு," என்றார்.

பாத்திரத்தில் தட்டுத் துடைக்கும் துணியில் சுற்றி அவருடைய துப்பாக்கி இருந்தது. குண்டுகள் தனியாக, ரொட்டி கட்டும் சின்னப் பையில். வில்லடீன் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்ப ஒனக்கு நோய் இல்ல."

"இல்ல."

"நல்லது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்னா இப்ப நானே ஒன்ன கொல்லப்போறேன்."

வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள். "ஓரின் பாத்திரத்த காலியா திருப்பிக் குடுக்க முடியாது. தெரியுமில்ல?"

தெரியும். அங்கே யாருக்குத்தான் தெரியாது. வந்த பாத்திரத்தைக் கழுவி, எதையாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். மறுநாள் முழுக்க டெல்மர் அந்தப் பாத்திரத்தைச் சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்பு இரண்டு துண்டு வைத்தார். பார்க்க லஞ்சம் மாதிரி இருந்தது. எடுத்துத் தானே தின்றார். மீன்பிடிக்கிற புதுத் தூண்டில் முள் ஒரு பெட்டி வைத்தார். அதையும் எடுத்தார். கடைசியில் தன் வாக்கிடாக்கி, காதுக்குள் வைக்கிற ஒயர், சபையின் பக்கவாட்டுக் கதவுச் சாவி மூன்றையும் வைத்து, தாளை இழுத்து மூடி, திரும்ப எடுத்துவிடுவோம் என்கிற பயத்தில் உடனே வண்டியை எடுத்தார்.

ஓரின் வலைக்கதவைத் திறக்காமல் அந்தப் பக்கமே நின்றார்.

"ஒடம்பு எப்பிடி இருக்கு?"

"சும்மா இரு ஓரின்."

"சபையே அழுதுக்கிட்டு இருக்கு. என் பொண்டாட்டி ஒனக்கு சவப்பெட்டிக்கு கலர் பாத்துட்டா."

"பாத்திரம் கொண்டாந்திருக்கேன்."

ஓரின் கதவைத் திறந்து வாங்கினார். தாளைத் தூக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி, பிடித்த மீனை எடை பார்ப்பது போல மேலும் கீழும் அசைத்தார். உள்ளே ஏதோ உருண்டு கண்ணாடியில் தட்டியது. அது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. டெல்மர் காத்திருந்தார். இத்தோடு முடிந்தது, சாயங்காலம் படகை எடுக்கலாம் என்றுகூட நினைத்தார்.

ஓரின் பாத்திரத்தைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

"என்கிட்டேருந்து இத நீ வாங்குனது இப்பிடி வாசல்ல வச்சு இல்ல, டெல்மரு. எல்லாரும் முட்டப் பொரியல் தின்னுக்கிட்டு இருந்தாங்க." வலைக்கதவை மூடினார். "ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு கொண்டாந்து மேசையில வையி. எல்லாரும் சேந்து தொறக்கலாம்."

வாரம் முழுக்க அந்தப் பாத்திரம் வீட்டில் எங்கே திரும்பினாலும் முன்னால் வந்து நின்றது. டெல்மர் அதன்மேல் எரிந்து விழுந்தார். ஓரினைத் திட்டினார். காகிதச் சுருள் பெட்டியைச் சுவரில் அந்த உயரத்தில் அடித்த தச்சனைத் திட்டினார். விதி போட்ட முட்டாள் யார் என்று கேட்டுக்கேட்டுத் தன்னிடமே பதில் வாங்கினார். சனிக்கிழமை ஒரு தடவை சாவியை மட்டும் வெளியே எடுத்தார். வில்லடீன் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்ப வைத்தார். சனிக்கிழமை ராத்திரி வாக்கிடாக்கிக்குச் சார்ஜ் ஏற்றி, ஞாயிறு காலையில் ஆன் பண்ணி வைக்கிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் காதில் ஒயர் இல்லாமல், இடுப்பில் எதுவும் இல்லாமல் சபைக்கு வந்தார். பாத்திரத்தைப் பீன்ஸுக்கும் கோழி வறுவலுக்கும் நடுவே வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார். ஆராதனை முடிந்தது. எல்லோரும் தட்டோடு வரிசையில் வந்தார்கள். வந்த ஒவ்வொருத்தரும் அவர் தோளைத் தட்டி, "தேறிட்டீங்க பிரதர், ஜெபம் கேக்கப்பட்டிருச்சு," என்றார்கள். பிரதர் டேரல் கையில் பெரிய கரண்டியோடு, "இதுல என்ன, யாரும் தொறக்கவே இல்லையே?" என்று அந்தப் பாத்திரத்தின் பக்கம் குனிந்தார். வரிசையின் கடைசியில் ஓரின் காலித் தட்டோடு நின்றார். டெல்மர் வாயைத் திறந்தார்.

அப்போது வாகன நிறுத்தத்து வெயிலில் தலைவரைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த கோல்டனின் குரல் கரகரவென்று பாத்திரத்துக்குள்ளிருந்து வந்தது.

"தலைவரே. எங்க இருக்கீங்க. பதில் சொல்லுங்க."

கரண்டி அப்படியே நின்றது. கூடம் முழுக்க அந்தப் பாத்திரத்தைப் பார்த்தது.

"தலைவரே, கேக்குதா? பதில் சொல்லுங்க," என்றது அது மறுபடியும், அலுமினியத் தாள் மெல்ல நடுங்க. டெல்மர் சுவரை விட்டு விலகி மேஜையை நோக்கி நடந்தார்.