அலசாத குளியல்

1

இந்தக் கதை எனக்கு மாம்பழக் கடையில் கிடைத்தது. ஆப்பிரிக்காவில், தமாலே என்ற ஊரில் ஓர் ஆஸ்பத்திரி வாசல். பெயர் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கு உள்ளே ஒரு நர்ஸும் ஒரு நோயாளியின் மனைவியும் போட்ட சண்டை காதில் விழுந்தது. மாம்பழத்தை விட்டுவிட்டுக் கதையோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: மருந்து ஏற்ற நாப்பாரியின் கழுத்து நரம்பில் செருகிய குழாய் வழியே மரணம் மெல்ல மெல்ல...

வேண்டாம். மரணம் மெல்ல வந்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். நேராகச் சொல்கிறேன். நாப்பாரிக்குக் குடலில் ஓட்டை, ஆபரேஷனில் பிழைத்துவிட்டான். பக்கத்துக் கட்டில்காரரும் அப்படிப் பிழைத்தவர்தான். ஆனால் வார்டிலேயே தோலில் ஒட்டிய கிருமி, குழாய் வழியே ரத்தத்தில் இறங்கி ஆளைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து நர்ஸ் மெமுனாத்து கறாராகிவிட்டாள். தினமும் ஒவ்வொரு நோயாளிக்கும் கிருமிநாசினி நனைத்த துணியால் உடம்பு துடைக்க வேண்டும்.* துடைத்ததை அலசக் கூடாது. தானாகக் காய வேண்டும்.

(* மருத்துவம் படித்த என் தங்கை புருஷன், "முகத்துல படக் கூடாதுன்னு எழுது, கண்ணுக்கு ஆகாது" என்கிறார். எழுதிவிட்டேன்.)

2

நர்ஸ் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், நாப்பாரியின் மனைவி சனாத்து வாளித் தண்ணீரோடு வந்தாள். புருஷனை முழுக்க அலசி, ஷியா மரக் கொட்டையில் எடுத்த வெண்ணெயைப் பளபளவென்று பூசினாள்.

(அவளை விவரம் தெரியாதவளாகத்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் நோயாளியின் காலைத் தடவிப் பார்ப்பார்கள். தோல் மினுமினுத்தால்தான் அவள் நல்ல மனைவி.)

"வெண்ணெய் வாசனை வாசல் வரைக்கும் அடிக்குது. உன் புருஷனைப் பொரிக்கவா போறே?" என்றாள் மெமுனாத்து.

"பிசுபிசுன்னு விட்டா உங்களையா பேசுவாங்க சிஸ்டர்? சோப்பு அலசக்கூட உடம்பு வணங்காத சோம்பேறின்னு என் மாமியார் ஊரைக் கூட்டிடுவாங்க."

"அது சோப்பு இல்லம்மா, காவல். அதைத்தான் கழுவி ஊத்திட்டே."

"காவலுக்குத்தான் நான் வராந்தாவுல பாய் போட்டுக் கெடக்கேனே!"

"கிருமி உன்கிட்ட கேட்டுட்டா உள்ள போகும்? பக்கத்துக் கட்டில்காரர் சம்சாரமும் பாய் போட்டுத்தான் கெடந்தாங்க."

சனாத்து காலிக் கட்டிலைப் பார்த்தாள். வெண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

"மறுபடி துடைங்க சிஸ்டர். எனக்கும் ஒரு துணி குடுங்க."

3

முடிவு ஒன்று: காய்ச்சல் வரவில்லை. நாப்பாரி எழுந்து உட்கார்ந்து களி கேட்கிறான்... தித்திப்பு தாங்கவில்லை.

முடிவு இரண்டு: காய்ச்சல் வந்து... கை ஓடவில்லை.

மூன்றாவது இது. மாமியார் வருகிறாள். மகனின் காலைத் தடவுகிறாள்.

"குளிப்பாட்டினியா, தேன் தடவினியா?" என்று வாளியைத் தூக்குகிறாள். நர்ஸ் வார்டின் மறுகோடியில் இருக்கிறாள்.

சனாத்து, பெரியவர்கள் முன் எப்போதும் செய்வதுபோல, முழங்கால் மடித்துக் குந்துகிறாள். தலை குனிந்திருக்கிறது. கை மட்டும் நீண்டு வாளியின் பிடியைப் பற்றுகிறது.

"என்னைத் திட்டுங்கம்மா. ஊரெல்லாம் சொல்லுங்க. தண்ணி மட்டும் படக் கூடாது."

"விடுடி!"

"விட மாட்டேன்."

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. மாமியார் சுற்றிலும் பார்க்கிறாள். என்னைத் தாண்டி, கட்டில் ஓரத்தில் நிற்கும் உங்களிடம் கேட்கிறாள்: "நீயே சொல்லு. பெத்தவ நான் சொல்றது சரியா, இவ சொல்றது சரியா?"

சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.