அற்புதமேரியின் ட்ரே

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. சமூக மன்றத்தின் ஆண்டு மலருக்கு, வேலையிடத்திலும் வீட்டிலும் உண்டாகும் மன அழுத்தம் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். 'ஆதரவும் நம்பிக்கையும் கிடைத்தவர்களை அழுத்தம் அவ்வளவாகத் தாக்குவதில்லை' என்று தொடங்கினேன். தப்பில்லாத வாக்கியம்தான், ஆனால் அதில் ஆளே இல்லை. ஆளைத் தேடியபோது, சிராங்கூன் சாலைத் தையல்கடையில் ரவிக்கைக்காகக் காத்திருந்த ஓர் அம்மா என் மனைவியிடம் தன்னோடு வேலை பார்த்தவளைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டவன் நான். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. மலர்க்குழு மன்னிக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: '1979ஆம் ஆண்டு, கல்லாங் வட்டாரத்தில் இயங்கிவந்த மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில்...'

அறிக்கை வாடை அடிக்கிறது. வேண்டாம்.

இரண்டாவது: 'அன்று நல்ல மழை. அற்புதமேரி பேருந்துக்காக...'

எனக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் மழையைப் பெய்யவிட்டுவிடுவேன். அதையும் அடித்தாயிற்று.

மூன்றாவது: 'அற்புதமேரிக்கு யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.'

இது இருக்கட்டும்.

3

அவள் கணவன் லாசரஸ் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டான். பெண்டமீர் சாலை அடுக்குமாடி வீட்டில் இப்போது அவள் சம்பளம் மட்டும்தான். அவனைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். யாராவது, "வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?" என்று கேட்டால், "நல்லா இருக்காரு" என்பாள். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து சாமியார் விசாரிக்க வாசலுக்கு வருவதற்குள் படியிறங்கியிருப்பாள். (பிடிவாதக்காரி என்று எழுதியிருந்தேன். பிறகு, இரக்கப்பட்டு நாலு பேர் பார்க்கும் பார்வை எப்படியிருக்கும் என்று யோசித்து, அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.)

தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ராஸ்கோப் வேலை. மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் (சிப்பில்) ஒட்டவேண்டும். தூக்கமில்லாத கண்ணுக்கும் நடுங்கும் கைக்கும் அது ஒத்துவராது. ஒட்டாமல் போனது ரிஜெக்ட். ஒவ்வொருத்தியின் ட்ரேயிலும் அவள் பெயர் இருக்கும், சில்லில் யார் பெயரும் இருக்காது. வேலை முடியும்போது சூப்பர்வைசர் மிஸஸ் லிம் ரிஜெக்ட்டை எண்ணுவார்.* அளவு தாண்டினால் எச்சரிக்கை, மறுபடியும் தாண்டினால் வேலை போய்விடும். அற்புதமேரி ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியிருந்தாள்.

ஒருநாள் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது, பக்கத்து நாற்காலி ரத்தினம்மாவின் கை தன் ட்ரேக்குள் இருப்பதைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். தன் பழுதுகளை இவள் என் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்தாள். நேராகப் போய் மிஸஸ் லிம்மிடம், யாரோ என் ட்ரேயில் ரிஜெக்ட் போடுகிறார்கள் என்று மலாயில் சொல்லிவிட்டாள். பெயரை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக் காலையில் என் அறைக்கு வந்து பெயரைச் சொல்" என்றார் மிஸஸ் லிம். அந்த நிமிடமே வரிசைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு அன்று அவள் ட்ரேயை யாரும் தொடவில்லை. ரிஜெக்ட் குறைந்திருக்கவேண்டும் அல்லவா? வேலை முடிந்து பார்த்தால் என்றுமில்லாத அளவுக்குக் குவிந்து கிடந்தது. பெயர் தெரிந்த பிறகு எண்ணிக்கொள்கிறேன் என்று மிஸஸ் லிம் அந்த ட்ரேயைத் தனியே எடுத்துவைத்தார். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு ரத்தினம்மாவின் பின்னாலேயே போனாள்.

* மிஸஸ் லிம்மை வில்லியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவரும் மேலே ஒருவருக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர்தானே.

4

ரத்தினம்மா மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்லவள் கதைக்கு ஆகமாட்டாள். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள், வாய் ஓயாதவள் என்று தையல்கடை அம்மா சொன்னது ஞாபகம் வந்த பிறகுதான் நம்பினேன்.

பேருந்து நிறுத்தத்தில் அற்புதமேரி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, போடலையா நீங்க? எடுத்தீங்களா?"

"பின்ன? வரிசையில நாங்க நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து எங்க ட்ரேல போட்டுக்குவோம். எல்லாருக்கும் கொஞ்சம் கூடும், யாருக்கும் லிமிட் தாண்டாது லா. எனக்குப் புள்ள பொறந்து தூக்கமில்லாம வந்தப்ப எனக்கும் இப்படித்தான் செஞ்சாளுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா? வாயத் தொறந்து கஷ்டம்னு என்னைக்காவது சொல்லியிருக்கியா நீ? ஒன் வீட்டுக்காரரு விழுந்ததே தெக்கா மார்க்கெட்ல மீன்காரரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"நான் மேடத்துகிட்ட சொல்லிட்டேன்க்கா. பேரு சொல்லல."

"தெரியும்" என்றாள் ரத்தினம்மா. பேருந்து வந்தது. இருவரும் அதிலேதான் ஏறினார்கள். ரத்தினம்மா முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

5

கட்டுரையில் எழுதவேண்டிய இடம் இதுதான். அவளுக்கு உதவி இருந்தது, இருப்பது தெரியவில்லை. அதனால் ரிஜெக்ட் குறைந்தது, பயம் குறையவில்லை. ட்ரேயை நாலு பேர் சுமந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அவள் மனசை அவள் ஒருத்தியே சுமந்தாள். இதை எழுதும்போது எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

அன்று மாலை லாசரஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை ஆடிக்கொண்டிருப்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

"ஏன் மேரி மறைச்ச?"

"நீங்களே வலியில கெடக்குறீங்க."

"நானும் பாதி வலியத்தான் ஒன்கிட்ட சொல்றேன்" என்றான் அவன். பிறகு, "காலைல என்ன செய்யப்போற?" என்று கேட்டான்.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். ஒன்றும் தீர்ந்திருக்கவில்லை. ஆனாலும் பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அசந்து தூங்கினாள்.

6

முடிவு ஒன்று: நாலு பெண்களும் மிஸஸ் லிம் அறைக்குள் நுழைந்து 'நாங்கதான்' என்கிறார்கள். கைதட்டல் நிச்சயம். ஆனால் என் கைதட்டலுக்காக நாலு வீட்டுச் சோற்றில் நான் கைவைக்கலாமா?

முடிவு இரண்டு: அற்புதமேரி, 'என் தப்பு, எல்லாம் என் ரிஜெக்ட்தான்' என்று சொல்லிவிட்டு வேலையை இழக்கிறாள். இத்தனை நாள் தனியாகக் கிடந்தவளை மறுபடியும் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை.

முடிவு மூன்று: பெயரைச் சொல்லி...

இல்லை.

7

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்த அம்மாவின் ரவிக்கை தைத்து முடிந்துவிட்டது. வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதுவரை நான் கேட்டது இவ்வளவுதான்:

மறுநாள் காலை. மிஸஸ் லிம் அறைக் கதவு திறந்திருக்கிறது. அற்புதமேரி அந்தப் பக்கம் போகவில்லை. ரத்தினம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். வரிசை முழுக்கக் காதில் விழும்படி கேட்கிறாள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

ரத்தினம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூடப் போனால் அவள் வேலைக்கும் உத்தரவாதமில்லை. போகாவிட்டால் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. அவளை எழுப்பிவிடவோ உட்காரவைக்கவோ நான் யார்? அந்த நாற்காலியை உங்களிடம் விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். வாழ்நாளில் முதல்தடவையாக ஒன்றைக் கேட்டுவிட்டு, உங்கள் பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள்.