பூசணிக்காய்க்கு அறுபதாயிரம்

அறுப்புப் பண்டிகை ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியபோது, பின்வாசல் வழியே நுழைந்த பனிமூட்டம் கோவிலின் கடைசி பெஞ்சுகளை மறைத்திருந்தது.

மதுரனின் சட்டைப்பையில் அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. மறுநாள் ஹட்டன் டவுனில் வெளிநாட்டு வேலை ஏஜென்சியில் கட்டவேண்டிய கடைசித் தொகை. கட்டினால் மாத முடிவில் கட்டார் நாட்டில் வேலை. இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பூட்டை நம்பாமல் பணத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தான். பக்கத்தில் மனைவி சர்மிளா, ஆறு மாத வயிற்றோடு.

இந்த வருட ஏலப் பணம் ஜீவராணிக்கு என்று போதகர் அறிவித்திருந்தார். போன மாத மண்சரிவில் அவளுடைய லயம் புதைந்துபோனது. கணவன் பொன்னையாவின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில்தான் அவளும் இரண்டு பிள்ளைகளும் இரவில் படுத்தார்கள்.

சர்மிளா கொண்டுவந்த பூசணிக்காயை மூப்பர் பர்னபாஸ் தூக்கிக் காட்டினார். மதுரன் ஐந்நூறு என்றான்.

"ஆயிரம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பொன்னையாவின் குரல். வருடந்தோறும் அவர் செய்யும் குறும்பு இது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விலையை ஏற்றிவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொள்வார். மாட்டிக்கொண்டவன் பணம் கட்டுவான், கோவிலே சிரிக்கும்.

மதுரன் திரும்பினான். பனி மட்டும்தான். செத்தவர் குரலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று கோபம் வந்தது. சர்மிளா தண்ணீர் ஊற்றி வளர்த்த முதல் காயை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. இரண்டாயிரம் என்றான். குரல் ஐயாயிரம் என்றது. இருபதாயிரத்தைத் தாண்டியதும் நிறுத்த நினைத்தான். நாக்கு நிற்கவில்லை. ஐம்பத்தையாயிரம் என்றது குரல். அறுபதாயிரம் என்றான் மதுரன்.

பின்பக்கம் அமைதியானது.

சர்மிளா அவன் கையைப் பிடித்தாள். "ஏங்க இப்படி ஏத்துனீங்க?"

"பின்னால கேட்டாங்களே."

"யாருமே கேக்கலைங்க. நீங்க மட்டுந்தான் கேட்டீங்க."

காணிக்கையாகத் தன் விலையைத் தானே ஏற்றிக் கேட்பது அந்தச் சபையில் வழக்கம். அதனால்தான் யாரும் தடுக்கவில்லை. ஆனால் மூப்பருக்குக் கட்டார் விஷயம் தெரியும். அருகில் வந்து, ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

மதுரன் பணக்கட்டை எடுத்தான். எதிர்வரிசையில் ஜீவராணி அவனைப் பார்க்கவில்லை. கண் இமைக்காமல் கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எந்தக் குரலும் இல்லை. அவன் கையை யாரும் தள்ளவில்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது.

"குடுத்துருவோமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

அவள் வயிற்றில் கை வைத்தபடி ஜீவராணியைப் பார்த்தாள். "குடுங்க. நம்மள கர்த்தர் பாத்துக்குவாரு. அவங்களையும் அவருதான் பாக்கணும். இன்னைக்கு நம்ம கையால பாக்கட்டும்."

மதுரன் பணத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்தான்.

வெளியே வந்ததும் ஏஜென்சிக்காரனுக்குப் போன் பண்ணி, தான் வரவில்லை என்று சொன்னான். பிறகு இருவரும் தேயிலைக்கு நடுவே இறங்கினார்கள். எப்போதும் கைகோத்துத்தான் அந்தச் சரிவில் இறங்குவார்கள். அன்று மதுரன் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு பாதையின் ஓர் ஓரமாகவும், சர்மிளா மறு ஓரமாகவும் நடந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஏன் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.