வீட்டில் ஆள் இருந்த அன்று

பூட்டு தொங்குவது கண்ணுக்குத் தெரிந்தாலும் தட்டியாக வேண்டும் என்பது விதி. அவள் தட்டினாள். டேப்லெட்டில் 'ஆள் இல்லை' என்பதை அழுத்தினாள். 'அடுத்த வீட்டுக்குச் செல்லவும்' என்று அது மரியாதையாகச் சொன்னது. அடுத்த வீடும் பூட்டு, அதற்கடுத்ததும் பூட்டு. புருஷனும் பெண்டாட்டியும் விடிந்ததும் வேலைக்கு ஓடினால்தான் இந்தச் சந்தில் அடுப்பு எரியும். வருமானக் கணக்கெடுப்போ பத்து மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிந்துவிடும். வருமானம் கேட்கப் போகும் நேரத்தில் எல்லோரும் வருமானத்துக்காக வெளியே போயிருந்தார்கள். அவளுடைய வீடும் இதே சந்தில்தான், அதுவும் பூட்டுதான்.

அடுத்தது, அடுத்தது என்று நடந்து முனையிலிருந்த அடுக்குமாடிக்கு வந்த பிறகுதான் கதவு திறந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர் விசிறிக்கு அடியில் உட்காரவைத்து ஓய்வூதியம், வாடகை, வட்டி என்று ஒப்பித்தார். மகன் அனுப்புவதைக் கேட்காமலே சேர்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, எதிர்வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். சொல்லக்கூடாது என்றதும் சற்று யோசித்து, வட்டியை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார்.

வருஷா வருஷம் இப்படித்தான். அவள் வேலையை முடித்துக் கொடுத்தாள், மேற்பார்வையாளர் அவளைக் கெட்டிக்காரி என்றார், பூட்டிய வீடுகள் சேராமலே வார்டின் வருமானக் கோடு வரைபடத்தில் மேலே ஏறியது.

அந்த ஏற்றத்தைக் கொண்டாடக் கூட்டம் போட்டார்கள். இடைநிலை வருமானம் என்றால் என்ன என்று புரியவைக்க, இயக்குநர் ஊழியர்களைச் சம்பளப்படி வரிசையில் நிற்கவைத்தார். நட்டநடுவில் நின்ற டைப்பிஸ்டின் தோளில் கைவைத்து, "இவர்தான் நாம் எல்லோரும்" என்றார். கைதட்டல். பெருக்குகிற அம்மா மாடிப்படியில் வேலையாக இருந்ததால் வரிசையில் இல்லை. டைப்பிஸ்ட் பொன்னாடையோடு திருதிருவென்று நிற்க, இயக்குநர் அறிவித்தார்: வார்டு 'முன்னேறிய பகுதி' ஆகிவிட்டது. ஆகவே உதவித்தொகையில் நடக்கும் குழந்தைகள் காப்பகம் இனித் தேவைப்படாது.

கணக்கெடுத்துக் கொடுத்தவள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். அவளுடைய மகள் அந்த நேரம் அந்தக் காப்பகத்தில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலையுமுன்பே மேற்பார்வையாளரைப் பிடித்தாள். "பூட்டியிருந்த வீட்டுக்கெல்லாம் சாயங்காலம் ஒரு சுத்து போறேன் சார். பஸ் காசுகூட வேண்டாம்."

"அஞ்சு மணிக்கு மேல டேப்லெட் திறக்காதும்மா. அது தூங்கிடும், நம்மள மாதிரியா? நீ விதிப்படிதானே செஞ்சே, அப்புறம் எதுக்குப் பதர்றே?"

பதற்றம் அடங்கவில்லை. அன்று மாலையே வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கினாள். குளித்துக்கொண்டிருந்தவரைக் கதவிடுக்கு வழியாகக் கேட்டாள். வெங்காயம் நறுக்கியவள் பக்கத்தில் குந்தி எழுதினாள். தன் கணக்கை மட்டும் எழுதவில்லை, எடுப்பவர் தன் வீட்டை எடுக்கக்கூடாது என்பதும் விதி. மறுநாள் மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். "இதுல வந்தாதாம்மா கணக்கு," என்று டேப்லெட்டைத் தட்டினார். "கையால எழுதினா கதை."

காப்பகத்தை மூடினார்கள். கணவனுக்குக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. அங்கே பிள்ளையை எங்கே வைப்பது? அவளே இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பொறியாளர் வீட்டுச் சோபாவில் பிள்ளை மூத்திரம் போனது. புகார் டேப்லெட்டைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கான்ட்ராக்டில் அவள் பெயர் இல்லை.

அடுத்த வருஷச் சுற்றில் ஒருநாள் உச்சிவெயிலில் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. புதுப் பெண், கழுத்தில் அதே அடையாள அட்டை. கதவு திறந்ததும் தட்டிய கை அப்படியே நின்றது.

"அப்பாடா. இந்தச் சந்துல திறந்த ஒரே கதவு உங்களோடதுதான்க்கா."

வேலை போனவள் இடுப்பில் பிள்ளையோடு கதவை இன்னும் அகலத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சந்திலிருந்து ஒரு வீடு கணக்குக்குள் போகப்போகிறது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். கேள்வி வருமுன்பே, ஒரு சம்பளம்தான், தனக்கு வேலை போய்விட்டது, வாடகை நிலுவை என்று கடகடவென்று சொன்னாள். விதி அவளுக்கு மனப்பாடம். இருந்தாலும் சொல்லிப் பார்த்தாள்.

"இப்போ உள்ளது இல்லக்கா, போன வருஷத்துக் கணக்கு," என்றாள் அந்தப் பெண், திரையைப் பார்த்தபடி. "போன வருஷம் நீங்க வேலைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"எங்கக்கா?"

"உங்க ஆபீஸ்லதான்."

பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் போட்டாள். கணக்கு ஏறியதாகத் திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கட்டைவிரலை வைக்கச் சொல்லி டேப்லெட்டை நீட்டினாள். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, விரலைப் புடவையில் துடைத்து, கண்ணாடிமேல் அழுத்தினாள்.