சீதாலக்ஷ்மிக்கு ஒரு நற்சான்றிதழ்

மட்டாஞ்சேரியில் யாரையாவது இங்கிலீஷில் புகழ வேண்டுமென்றால் ராமபத்ரனைத்தான் தேடி வருவார்கள். ராமபத்ரன் என்றால் நான்தான். கொச்சங்காடியில் மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக ஹெட் கிளார்க். பள்ளிக்கூட மாஸ்டர் ரிட்டையர் ஆனாலும் சரி, போஸ்ட்மாஸ்டருக்கு மாற்றல் வந்தாலும் சரி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிற உபசாரப் பத்திரம் என் கையால் எழுதியதாகத்தான் இருக்கும். ‘எக்ஸெம்ப்ளரி’, ‘கமெண்டபிள்’, ‘அன்டயரிங்’ என்று வரிசையாக இறக்கினேன் என்றால் மேடையில் இருப்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

கம்பெனியை விட்டுப் போகிறவர்களுக்கு நற்சான்றிதழும் நான்தான் எழுதுவேன். முதலாளி சேட் கையெழுத்துப் போடுவார். அதற்கென்று பதினோரு வார்த்தை கைவசம் இருந்தது. குடோன் காவல்காரர் முப்பிடாதிக்கும் அதுவே, கிளார்க் சிவசங்கரனுக்கும் அதுவே. அரைத்த மாவையே அரைக்கிறேன் என்று ஒருவரும் குறை சொன்னதில்லை.

1979-ல் எங்கள் டைப்பிஸ்ட் சீதாலக்ஷ்மி ஏலூரில் ஒரு தொழிற்சாலை ஆபீஸ் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். எங்களிடம் ஒன்பது வருஷம் இருந்தவள். இங்கே வியாபாரம் சுருங்கிக்கொண்டு வந்தது. ஓணம் கழிந்தால் டைப்பிஸ்ட் வேண்டாம் என்று சேட் சொல்லிவிட்டார். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் அப்பாவும் அவளும்தான். ஏலூர் கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறு போக்கு இல்லை.

நான் சொல்லச் சொல்ல அவள் சான்றிதழை அவளே டைப் அடித்தாள். நடுவில் நிறுத்தினாள்.

“மாமா, இது சிவசங்கரனுக்குச் சொன்னதுதானே?”

“அதனால என்ன? நல்ல வார்த்தை ஆருக்குச் சொன்னாலும் நல்ல வார்த்தைதான். நீ அடி.”

அடித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் இங்கிலீஷைப் பற்றி இந்தப் பெண் கேள்வி கேட்கிறதா என்று அன்று முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் ஏலூர் போய்விட்டு வந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

“சிவசங்கரனும் அதே வேலைக்கு வந்திருந்தான், மாமா. ஆபீஸர் ரெண்டு சர்ட்டிபிகேட் கடலாசையும் அடுத்தடுத்து வெச்சுப் பாத்தார். பேர் மாத்திரம் மாறியிருக்கே, இதுல நீங்க ஆருன்னு கேட்டார். சிவசங்கரன் சிரிச்சுட்டான். எனக்குச் சிரிக்க வரல்லை.”

“அப்பறம்?”

“திங்கக்கெழமைக்குள்ள வேறொண்ணு கொண்டு வரணுமாம். புகழவே வேண்டாம், ஒம்பது வருஷத்துல நீங்க செஞ்ச காரியம் ஒண்ணே ஒண்ணு எழுதியிருந்தா போரும்னார்.”

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சனிக்கிழமை காலை காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. காரியம் வரவில்லை. வரவில்லை என்பது பொய். முதலிலேயே வந்துவிட்டது, நான்தான் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருஷம் முன்பு ஹாம்பர்க் போகவேண்டிய மிளகின் காகிதங்களும் லண்டன் போகவேண்டிய சுக்கின் காகிதங்களும் மாறிவிட்டன. மாற்றி வைத்தது என் கைதான். டைப் அடிக்கும்போது சீதாலக்ஷ்மி கண்டுபிடித்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் சேட்டிடம் ஓடினேன். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது எல்லாம் சரியாயிற்று. மறுநாள் சேட் எல்லோருக்கும் சாயாவும் வடையும் வாங்கிக் கொடுத்து, ‘மிஸ்டர் ராமபத்ரனின் விஜிலன்ஸ் கமெண்டபிள்’ என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டேன், பெரிய அடக்கசாலி போல. கை தட்டியவர்களில் சீதாலக்ஷ்மியும் இருந்தாள்.

அவளைக் கூப்பிட்டேன். மிஷினில் காகிதம் ஏற்றச் சொல்லிவிட்டு, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். தேதி, கப்பலின் பெயர், எத்தனை மூட்டை. தப்பைக் கண்டுபிடித்தது சீதாலக்ஷ்மி. தப்பைச் செய்ததும், அதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டதும் ஹெட் கிளார்க் ராமபத்ரன்.

விசைகளின் சத்தம் நின்றது.

“மாமா, கடேசி வரி வேண்டாம். ஆபீஸருக்கு அது எதுக்கு?”

“ஆபீஸருக்கு வேண்டாம். சேட்டுக்கு வேணும். அவர் இன்னிக்கு வரைக்கும் நான் கண்டுபிடிச்சதாத்தான் நெனச்சிண்டிருக்கார். அந்த வரி இல்லாட்டா கையெழுத்துப் போட மாட்டார்.”

“உங்களுக்கு இங்கே...”

“நீ அடி.”

சேட் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அப்போது அன்றைக்கு நாங்கள் கை தட்டினது யாருக்கு?” என்று மலையாளத்தில் கேட்டார்.

“அவளுக்கு,” என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். சேட் அறையின் அரைக்கதவுக்கு வெளியே எல்லோருக்கும் கேட்டிருந்தது. நான் வெளியே வந்தபோது ஒருவரும் தலை நிமிரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. காகிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, வேலை இருக்கிற மாதிரி குடோனுக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

“ஆபீஸர் என்ன சொன்னார்?”

“முழுக்க வாசிச்சார். அப்பறம், இந்த ராமபத்ரன் எப்படிப்பட்டவர்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“நல்ல மனுஷர்னு சொன்னேன்.”

“இங்கிலீஷ்லயா?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா, மலையாளத்துல. இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா அவர் நம்பியிருக்க மாட்டார்.”