2318-ஆம் கம்பி

ராய்ஸ் டில்லர்ட் அந்தக் கம்பியை விற்பதற்காக மேசையில் வைப்பதில்லை. நான் பார்ப்பதற்காக வைப்பான். வர்ஜீனியாவில் எந்த ஊரில் பழைய ஆயுதக் கண்காட்சி நடந்தாலும், பச்சைத் துணியின் மேல், என் கண்ணில் படும் இடத்தில் அது கிடக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படை இங்கிலாந்திலிருந்து தருவித்த துப்பாக்கிகளில் ஒன்று என்னிடம் இருந்தது. அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டில் 2318 என்று வெட்டியிருக்கும். குண்டை இடித்து இறக்கும் இரும்புக் கம்பியிலும் அதே எண்ணை வெட்டித்தான் அனுப்பினார்கள். போரில் கம்பிகள் கை மாறிப் போயின. என் துப்பாக்கியின் கம்பி ராய்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

அவன் பகைக்குக் காரணம் உண்டு. அவன் பெருமையாகக் காட்டிய ஒரு பழைய துப்பாக்கியின் விசைத் தகட்டை, அமிலத்தில் ஊறவைத்துப் பழசாக்கிய புதுச் சரக்கு என்று கூட்டத்தின் நடுவில் சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன். அன்றிலிருந்து அவன் வாயில் நான் 'நீதிபதி'.

இந்த வசந்தத்தில் துப்பாக்கியையே அதன் பெட்டியில் எடுத்துக்கொண்டு அவன் மேசைக்குப் போனேன்.

"வாங்க நீதிபதி ஐயா," என்றான். "அடுத்த தீர்ப்பா?"

"கம்பிக்கு என்ன விலைனாலும் சொல்லு."

"வெர்னா, கேட்டியா? நீதிபதி கெஞ்சுறாரு."

பக்கத்து மேசையில் ராணுவப் பொத்தான்களும் ஈயக் குண்டுகளும் விற்கும் வெர்னா, ரொட்டியை மென்றபடி, "ரெண்டு கிழடும் வெளிய போய் அடிச்சுக்கங்கய்யா. வர்ற ஆளெல்லாம் ஓடுறான்," என்றாள்.

ராய்ஸ் கம்பியை எடுத்தான். "விக்க மாட்டேன். ஒரு தடவை போட்டுக் காட்டுறேன், எப்படிப் பொருந்துதுன்னு பாரு. அப்புறம் உருவிக்கிட்டுப் போயிடுவேன். உனக்குத் தூக்கமே வரக்கூடாது."

மறுத்திருக்கலாம். துப்பாக்கியை நீட்டினேன்.

குழலுக்குக் கீழே இருந்த துளையில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடைசியில் ஒரு விரற்கடை மிச்சமிருக்கும்போது நின்றது.

"மெதுவா," என்றேன்.

அவன் உள்ளங்கையால் அறைந்தான். கம்பி உள்ளே போய் உட்கார்ந்தது. அதன் தலையும், அதை ஒட்டி வெட்டியிருந்த எண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன.

இழுத்தான். வரவில்லை. முறுக்கினான். கட்டைக்குள் எங்கோ இறுகிவிட்டது.

வெர்னா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

"கட்டையைப் பொளந்து எடு," என்றான் கடைசியில்.

"முடியாது."

தன் கருவிப் பெட்டியிலிருந்து பிளையரை எடுத்தான். பிடித்து இழுக்க இருந்த ஒரே இடம், எண் வெட்டிய இடம்தான். பிளையரின் பல் பட்டால் எண் நசுங்கிவிடும்.

"எண் போயிடும், ராய்ஸ்."

"போகட்டும். எவனுக்கும் வேண்டாம்."

எண்ணின் மேல் விரலை வைத்தேன். விரலோடு சேர்த்துப் பிளையரால் கவ்வினான். அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். செய்யக்கூடியவன்.

"துப்பாக்கியை நீயே வச்சுக்க," என்றேன். "பிளையரைக் கீழ போடு."

பிளையர் தளர்ந்தது. "எனக்கெதுக்கு? உன் துப்பாக்கியைப் பார்த்தாலே எரியுது எனக்கு."

"தெரியும்."

அவன் மேசையில், அந்த விசைத் தகட்டின் பக்கத்தில், துப்பாக்கியைக் கிடத்தினேன். எண் முழுசாக இருந்தது. என் துப்பாக்கிப் பெட்டியை மூடிக்கொண்டு நடந்தேன்.

"யோவ், எங்க போற? இதை வச்சு நான் என்ன பண்றது?"

"பக்கத்துல இருக்கிற தகட்டை எடுத்துடு," என்றேன். "நிஜமானது கிட்ட வச்சா, அது இன்னும் அசிங்கமாத் தெரியுது."

வெர்னா சிரித்தாள். பிளையர் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. அதைத் தாண்டி, காலிப் பெட்டியோடு வெளியே வந்தேன்.